கேலரியைத் திறங்க பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். ஹால் டிக்கெட் எல்லாம் தேவையில்லை, பயப்படாதீங்க! பாக்கெட்ல இருக்கிற மொபைலை எடுங்க. கேலரியைத் திறங்க. கடைசியா எடுத்த ஐம்பது போட்டோவை மட்டும் ஒவ்வொண்ணா தள்ளிப் பாருங்க.

என்ன இருக்கு? போர்டுல சார் எழுதிப் போட்டது பத்து. ஃப்ரெண்டோட அசைன்மென்ட் பக்கங்கள் பதினைந்து. பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட், பஸ் டைம் போர்டு, செமஸ்டர் டைம்டேபிள், பிரியாணி, பிரியாணிக்குப் பக்கத்துல நம்ம முகம். சரியா?

இதுல தப்பே இல்லை. மொபைல் கேமரா நமக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி, ஒரு நோட்புக். ஆனா இன்னொரு கேள்வி. அந்த ஐம்பதுல, 'இதை நான்தான் பார்த்தேன், நான் பார்க்கலைன்னா வேற யாரும் பார்த்திருக்க மாட்டாங்க'ன்னு சொல்ற மாதிரி ஒரே ஒரு போட்டோ தேறுமா? தேறினா, நீங்க ஏற்கெனவே ஒரு போட்டோகிராபர். தேறலைன்னா, இந்த ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான்!

'நல்ல கேமரா இல்லையே மச்சி!'

போட்டோ எடுக்கலாம்னு ஆரம்பிச்சதும் நம்ம பசங்க சொல்ற முதல் டயலாக் இதுதான். அடுத்த டயலாக், 'இந்த ஊர்ல எடுக்கறதுக்கு என்னடா இருக்கு?' ரெண்டையும் ஒண்ணொண்ணா பார்ப்போம்.

இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்னா கணக்குல ஆரம்பிக்கிறதுதானே மரியாதை? ஒரு போட்டோ அகலத்துல 4,000 புள்ளி, உயரத்துல 3,000 புள்ளின்னு வெச்சுக்குங்க. பெருக்கினா ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. அதாவது 12 மெகாபிக்ஸல். ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளிகள்ங்கிற தரத்துல அதை பிரின்ட் போட்டா 13-க்கு 10 இன்ச் படம் வரும். கல்யாண ஆல்பத்துல பெரிய பக்கத்துக்கே இது போதும். '50 மெகாபிக்ஸல்'னு விளம்பரத்துல வர்ற மொபைல்கள்ல நிறைய மாடல், சாதாரணமா எடுக்கும்போது நாலு நாலு புள்ளிகளைச் சேர்த்து ஒண்ணாக்கி, கடைசியா 12.5 மெகாபிக்ஸல் படத்தைத்தான் கையில கொடுக்குது. ஸோ, உங்க சீனியரோட காஸ்ட்லி மொபைலைப் பார்த்து பெருமூச்சு விட வேண்டாம்.

நிஜமான பிரச்னை வேற. மொபைல்ல இருக்கிற சென்ஸார் ரொம்பச் சின்னது. அதுல விழற வெளிச்சமும் குறைவு. இருட்டுல எடுத்தா படம் புள்ளி புள்ளியா, இல்லைன்னா பூசி மெழுகின மாதிரி வர்றதுக்கு அதுதான் காரணம். தீர்வு கடையில இல்லை, உங்க ரூம் ஜன்னல்ல இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

உலகத்தோட முதல் போட்டோ... ஒரு ஜன்னல்!

இப்ப ரெண்டாவது டயலாக். 'எடுக்கறதுக்கு என்னடா இருக்கு?'

கேமராவால எடுத்து இன்னிக்கும் மிச்சம் இருக்கிற உலகத்தோட ரொம்பப் பழைய போட்டோவுல என்ன இருக்கு தெரியுமா? ராஜா இல்லை, அரண்மனை இல்லை, மலை அருவி எதுவும் இல்லை. பிரான்ஸ்ல ஒரு கிராமத்து வீட்டோட மாடி ஜன்னல்ல இருந்து தெரிஞ்ச கூரையும் சுவரும்தான்! 1826 அல்லது 1827-ல நியெப்ஸ்ங்கிறவர் எடுத்தது. ஒரு உலோகத் தகட்டுல ஒரு வகைத் தாரைப் பூசி, கேமராவுக்குள்ள வெச்சு, மணிக்கணக்குல வெயில் படவிட்டு எடுத்தார். நேரம் அவ்வளவு ஆனதால சூரியன் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் வந்துடுச்சு. அதனால படத்துல ரெண்டு பக்கச் சுவர்லயும் வெயில் அடிக்குது. இன்னிக்கு அந்தத் தகடு அமெரிக்காவுல டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்கு.

அடுத்த கதை இன்னும் சூப்பர். 1838-ல பாரிஸ்ல டகேர் ஒரு தெருவை எடுத்தார். வண்டி, ஜனம்னு எப்பவும் கூட்டமா இருக்கிற தெரு. ஆனா படத்துல தெருவே காலி! படம் பதிய பல நிமிஷம் ஆனதால, நடந்துக்கிட்டே இருந்தவங்க யாருமே பதியலை. ஒரே ஒரு ஆள் மட்டும் ஓரமா தெரியறார். ஏன்? அவர் நின்ன இடத்துல நின்னு ஷூவுக்கு பாலீஷ் போட்டுக்கிட்டு இருந்தார். போட்டோவுல பதிஞ்ச மிகப் பழைய மனுஷங்க யாருன்னு கேட்டா, பேர் தெரியாத அந்த ஆளையும் அவருக்கு பாலீஷ் போட்டவரையும்தான் காட்டறாங்க. நம்ம தெருமுனையில செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட காலை நீட்டிக்கிட்டு நிக்கறோமே, அதே ஸீன்!

'அதெல்லாம் கண்டுபிடிச்ச காலம் பாஸ், இப்ப யார் ஜன்னலை எடுப்பா?'ன்னு கேட்கறீங்களா? பிராக் நகரத்துல யோசப் சுதெக்னு ஒருத்தர். முதல் உலகப் போர்ல அடிபட்டு வலது கையையே இழந்தவர். ஒற்றைக் கையால பெரிய கேமராவைத் தூக்கிச் சுமந்து படம் எடுத்தார். ரெண்டாம் உலகப் போர் வந்தது. நாஜிப் படை பிராக்கை ஆக்கிரமிச்சிருந்த காலம். வெளியே சுத்த முடியாத அந்த நாட்கள்ல, 1940-ல, தன் ஸ்டூடியோ ஜன்னலை எடுக்க ஆரம்பிச்சார். பனி படிஞ்ச கண்ணாடி, மழைத்துளி, ஜன்னல் திண்டுல ஒரு தண்ணி டம்ளர், வெளியே ஒரு வளைஞ்ச மரம். இதே ஜன்னலை 1954 வரைக்கும் எடுத்தார். பதினாலு வருஷம்! ஒரே ஜன்னல்!

நாம ஹாஸ்டல் ரூம்ல நாலு வருஷம் இருக்கோம். ஜன்னல் கதவு என்ன கலர்னு கேட்டா யோசிக்கணும்.

ஐடியா எங்கே கிடைக்கும்?

இதைத்தான் எல்லாரும் கேட்கறாங்க. 'க்ரியேட்டிவா எதுவும் தோண மாட்டேங்குது...' நான் கவனிச்ச வரைக்கும், ஐடியா வரட்டும்னு உட்கார்ந்திருந்தா வராது. நாமே நம்மளைச் சுத்தி ஒரு வேலி போட்டுக்கிட்டா, அதுக்குள்ள வந்து மாட்டும்.

வேலின்னா? லேப்ல நமக்குக் கொடுக்கிற பிராப்ளம் மாதிரிதான். 'ஏதாவது ஒரு சர்க்யூட் பண்ணு'ன்னு சொன்னா மூளை ஸ்தம்பிச்சுடும். 'ஒன்பது வோல்ட் பேட்டரி, ரெண்டு டிரான்ஸிஸ்டர், இதுக்குள்ள ஒரு அலாரம் பண்ணு'ன்னு சொன்னா கை தானா வேலை செய்யும். போட்டோவும் அப்படித்தான். 'அழகா எதையாவது எடு'ன்னா குழப்பம். 'இன்னிக்கு முழுக்க நிழலை மட்டும் எடு'ன்னு சொல்லிக்கங்க. காலேஜ் பஸ் ஜன்னல் கம்பி ஸீட் மேல விழற கோடு, கொடியில காயற பேன்ட்டோட நிழல், மெஸ் டேபிள் மேல டம்ளரோட நிழல்னு வரிசை கட்டி வரும்.

ஃபிலிம் காலத்துல இந்த வேலி தானாவே இருந்தது. ஒரு ரோல்ல 36 படம். அவ்வளவுதான். கழுவி பிரின்ட் போடற வரைக்கும் என்ன வந்திருக்குன்னு தெரியாது. அதனால ஒரு தடவை அழுத்தறதுக்கு முன்னாடி நாலு தடவை பார்த்தாங்க. நாமளும் செய்யலாமே? 'ஒரு வாரத்துக்கு 36 படம்தான்'னு உங்களுக்கு நீங்களே ரேஷன் போட்டுப் பாருங்க. மூணாவது நாள் கை தயங்கும். அந்தத் தயக்கத்துலதான் கண்ணு வேலை செய்ய ஆரம்பிக்கும்.

ஒரே ஏரியாவைச் சுத்தறதும் நல்ல வேலிதான். சால் லைட்டர்னு நியூயார்க் போட்டோகிராபர். பல வருஷமா தான் குடியிருந்த வீட்டைச் சுத்தியிருந்த தெருக்கள்லயே நிறையப் படங்கள் எடுத்தார். ஆவி படிஞ்ச கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு ஆள், பனியில ஒரு சிவப்புக் குடை. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கலர் படங்கள் புத்தகமா வந்து உலகம் கொண்டாடினப்ப, 2006-ல அவருக்கு வயசு எண்பதைத் தாண்டியிருந்தது.

நம்ம ஆளுங்க கதையும் இருக்கு. ரகு ராய் தெரியும்ல? 1984 போபால் விஷவாயுக் கொடுமையை உலகத்துக்குக் காட்டின படங்களை எடுத்தவர். அவர் படிச்சது சிவில் இன்ஜினீயரிங்! (காலரைத் தூக்கி விட்டுக்கங்க.) அவர் எடுத்து முதல்ல பத்திரிகையில வந்த படம் எது தெரியுமா? ஒரு கழுதைக்குட்டி! லண்டன் டைம்ஸ் பத்திரிகையில அது வெளிவந்தது. இந்தியாவோட முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வ்யாரவாலா, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில தன்கூடப் படிச்ச பொண்ணுங்களையும் ஊரோட தினசரி வாழ்க்கையையும் எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க. பொண்ணு எடுத்த படம்னா மதிப்பு இருக்காதுன்னு, ஆரம்பத்துல அந்தப் படங்கள் கணவர் பேர்லதான் அச்சாச்சு. அதே ஹோமாய்க்கு 2011-ல பத்மவிபூஷண் கிடைச்சது.

ஜன்னல்தான் நம்ம ஸ்டூடியோ

அப்புறம் சொல்றேன்னு சொன்னேனே, வெளிச்சம். ஃபிஸிக்ஸ்ல படிச்சதுதான். சின்ன பல்பு வெளிச்சம், தூரம் ரெண்டு மடங்கானா கால்வாசி ஆயிடும். பல்பு சின்னதா இருக்கிறதால நிழலும் கத்தி மாதிரி விழும். ஜன்னல் அப்படி இல்லை. அது பெருசு. முகத்துல வெளிச்சம் மெதுவா வழிஞ்சு, நிழலும் மெத்துனு விழும். ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உட்கார வெச்சு எடுத்துப் பாருங்க. அதே ஃப்ரெண்டு, அதே மூஞ்சி... ஆனா சினிமா ஸ்டில் மாதிரி இருப்பான்!

சும்மா சொல்லலை. பாலுமகேந்திரா இயற்கை வெளிச்சத்தை எப்படி வெச்சுக்கிட்டார்னு தெரியணும்னா 'வீடு' (1988) படத்தை ஒரு தடவை சவுண்டை அணைச்சுட்டுப் பாருங்க. எந்த ஸீன்ல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மட்டும் கவனிங்க. ரெண்டு மணி நேரத்துல ஒரு கோர்ஸே முடிச்ச மாதிரி.

இன்னும் நாலு விஷயம். ஒண்ணு, எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸை மெத்துனு ஒரு துணியால துடைங்க. பாதி 'மங்கல்' போட்டோவுக்குக் காரணம் நம்ம விரல் எண்ணெய்தான். ரெண்டு, ரெண்டு விரலை வெச்சு இழுத்து ஸூம் பண்ணாதீங்க. லென்ஸ் எட்டற தூரத்தைத் தாண்டினா அது படத்தை வெட்டிப் பெருசாக்கித்தான் தருது. ரெண்டு அடி முன்னாடி நடங்க. மூணு, திரையில முகத்துமேல விரலை அழுத்திப் பிடிச்சா பெரும்பாலான மொபைல்கள்ல வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கும். அப்படியே விரலை மேல கீழ நகர்த்தினா வெளிச்சம் கூடும், குறையும். நாலு, எடுத்ததை வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பினா படம் சுருங்கிடும். 'டாக்குமென்ட்'டா அனுப்பினா எடுத்தது எடுத்தபடி போகும்.

எதுக்கு இதெல்லாம்?

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், எங்க எதிர்வீட்டுத் தாத்தா தவறின வரைக்கும்.

எண்பது வயசு. தினமும் காலையில திண்ணையில பேப்பரை விரிச்சு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, எழுத்துக்கூட்டி சத்தமா படிப்பார். தெருவுக்கே அதுதான் நியூஸ். அவர் போனதும், மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும்னு வீட்டுல எல்லாரும் மொபைலைத் தேடினாங்க. அந்த வீட்டுல ஆறு மொபைல். பேரன் பர்த்டே, புது பைக், கோயில் கோபுரம்னு ஆயிரக்கணக்குல படம். தாத்தா இருந்தார்... ஒரு குரூப் போட்டோவோட ஓரத்துல, பாதி வெட்டுப்பட்டு. கடைசியில வாக்காளர் அட்டைப் படத்தைப் பெருசாக்கித்தான் ஃபிரேம் போட்டாங்க. அதுல அவர் யாரையோ பார்த்து பயந்த மாதிரி இருக்கார். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தின அந்தத் தாத்தா எங்கேயும் இல்லை. பாட்டி அந்தப் படத்தைப் பார்த்துட்டு, "இது உங்க தாத்தா மாதிரியே இல்லய்யா..."ன்னு மட்டும் சொன்னாங்க.

ஆறு பேர்ல யாருக்கும் பாசம் இல்லாம இல்லை. தினமும் பார்க்கிற ஒண்ணு நாளைக்கும் இருக்கும்னு எல்லாரும் நம்பறோம். அதனால அதை எடுக்கறதில்லை. ஊட்டிக்குப் போனா எடுக்கறோம். ஊட்டி அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்!

ஊரும் அப்படித்தான். எங்க திருச்சியில 2025-ல பஞ்சப்பூர்ல புது பஸ் நிலையம் வந்துச்சு. வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் அங்கே போயாச்சு. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு 'மதுர... மதுர... மதுர'ன்னு கூவின குரலும், மூட்டை மேல சாஞ்சு தூங்கின ஜனமும் எத்தனை பேர் மொபைல்ல இருக்கு? நூறு வருஷம் கழிச்சு நம்ம ஊரைப் பத்தி எழுதப்போறவங்களுக்கு அந்த மாதிரிப் படம்தான் ஆதாரம். நீங்க எடுக்கற டீக்கடை விலைப்பட்டியல்கூட ஒரு நாள் வரலாறு ஆகலாம்.

மதுரைக்காரர் எம்.பழனிகுமார் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தோட ஒளிப்பதிவாளர், 'பாரி' இணையதளத்தோட புகைப்படக்காரர். அவரோட அம்மா மீன் விற்கறவங்க. தன் அம்மாவோட தினசரி உழைப்பைத் தொடர்ந்து எடுத்திருக்கார் அவர். நாம எல்லாரும் அம்மாவை 'ஹேப்பி மதர்ஸ் டே' அன்னிக்கு ஸ்டேட்டஸுக்கு எடுக்கறோம். அவர் அம்மாவோட வேலையை எடுத்தார். யோசிச்சுப் பாருங்க, உங்க அம்மா வேலை செய்யற ஒரு போட்டோ உங்ககிட்ட இருக்கா? அப்பா கடையிலயோ, லேத்துலயோ, வயல்லயோ நிக்கற ஒண்ணு?

கேட்டுட்டு எடுங்க

தெருவுல எடுக்கும்போது ஒரு கண்டிஷன். எதிர்ல இருக்கறவங்க பொருள் இல்லை, மனுஷங்க.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ கட்டற பாட்டி ஒருத்தங்க. அந்த விரல் வேகத்தை எடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "என்னைய எதுக்கு தம்பி எடுக்கிற? பல்லு போன கிழவி! பூவை எடுத்துக்க சாமி"ன்னாங்க. சரின்னு முகம் வராம கை, நார், மல்லி மட்டும் எடுத்தேன். அடுத்த வாரம் அதை மேக்ஸி சைஸ்ல பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "என் கையா இது? எங்க ஆத்தா கை மாதிரி இருக்கு"ன்னு சொல்லிக் காசு டப்பாவுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அப்புறமா அவங்களே, "சரி, இப்ப முகத்தையும் எடு"ன்னாங்க!

வேண்டாம்னு சொன்னா ஒரு சிரிப்போட நகர்ந்துடுங்க. பஸ்ஸுல தூங்கறவங்களை, கூடப் படிக்கிற பொண்ணுங்களை அவங்களுக்குத் தெரியாம எடுத்து குரூப்ல போடறதுக்கு 'கேண்டிட்'னு பேர் வைக்காதீங்க. பசங்களா, இதை ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிங்க.

லைக் வரலையா? விடுங்க!

ஷிகாகோவுல விவியன் மேயர்னு ஒரு பெண்மணி. வீடுகள்ல குழந்தைகளைப் பார்த்துக்கிற ஆயா வேலை. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அதே வேலை. குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு நடக்கும்போதெல்லாம் கழுத்துல ஒரு கேமரா. தெருவை எடுத்தாங்க, கடைக்கண்ணாடியில தெரிஞ்ச தன்னையே எடுத்தாங்க. கிட்டத்தட்ட யார்கிட்டயும் காட்டலை. நிறைய ரோல்களைக் கழுவக்கூட இல்லை. 2007-ல, அவங்க பொருட்களை வெச்சிருந்த கிடங்குக்கு வாடகை கட்டாததால எல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு. அப்பத்தான் உலகத்துக்கே தெரிஞ்சது. ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள்! தன் பேர் உலகத்துக்குத் தெரியறதுக்கு முன்னாடியே 2009-ல அவங்க இறந்துட்டாங்க.

ஒளிச்சு வைக்கச் சொல்லலை. போடுங்க, காட்டுங்க. ஆனா நாலு லைக் வந்ததா நாப்பது வந்ததாங்கிறதை வெச்சு உங்க கண்ணுக்கு மார்க் போடாதீங்க. லைக்குக்காக எடுக்க ஆரம்பிச்சா, ஏற்கெனவே எல்லாரும் எடுத்ததைத்தான் நாமும் எடுப்போம்.

ஒரு வார ஹோம்வொர்க்

தியரி முடிஞ்சது, இனி பிராக்டிகல்!

திங்கள்: உங்க ரூம் ஜன்னல். காலை, மதியம், சாயங்காலம் மூணு படம்.

செவ்வாய்: நிழல் மட்டும்.

புதன்: ஒரே ஒரு கலர். மஞ்சள்னா மஞ்சள்தான். பை, சுவர், எலுமிச்சம்பழம், சொக்காய் எதுவா இருந்தாலும்.

வியாழன்: வீட்டுல இருந்து காலேஜ் வரைக்கும் வழியில அஞ்சு படம். அஞ்சே அஞ்சு.

வெள்ளி: கைகள். மெஸ் அண்ணன் பரோட்டா வீசற கை, லேப் அசிஸ்டென்ட் சால்டர் பண்ற கை. கேட்டுட்டு!

சனி: வேலை செய்யற உங்க வீட்டு ஆள் யாராவது ஒருத்தர். 'இங்க பாருங்க, சிரிங்க' கிடையாது.

ஞாயிறு: எடுத்ததுல ஒண்ணே ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவுல பிரின்ட் போடுங்க. பின்பக்கம் பேனாவால தேதி, இடம், ஆளோட பேர் எழுதுங்க. மொபைல் தொலையலாம், பாஸ்வேர்டு மறக்கலாம். பீரோவுக்குள்ள இருக்கிற ஒரு காகிதத்தைத் திறக்க பாஸ்வேர்டு தேவையில்லை.

ஹாஸ்டல் பார்ட்டிகளா, சனிக்கிழமை ஊருக்குப் போறீங்கதானே? அம்மா அடுப்படியில நிப்பாங்க. ஜன்னல்ல வெளிச்சம் வரும். மொபைலைத் தூக்கினதும், "ஐயே, தலையெல்லாம் கலைஞ்சு கிடக்கு, இருடா புடவை மாத்திட்டு வர்றேன்"னு சொல்லுவாங்க.

மாத்திட்டு வர்றதுக்குள்ள எடுத்துடுங்க. மாத்திட்டு வந்தப்புறம், அவங்களுக்காக இன்னொண்ணும் எடுங்க!